கட்டிலுக்கடியில் மட்கார்டு

அக்காவின் கையில் எப்போதும் இரண்டு வாசனைகள் இருக்கும். ஒன்று தேங்காயெண்ணெய், இன்னொன்று டீசல். தேங்காயெண்ணெய், படுக்கையில் கிடந்த அவள் புருஷன் அண்ணாச்சிக்கு. டீசல் டிராக்டருக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள். கழுவிக் கழுவி விரலோரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. "கைக்கும் எதையாவது தடவுங்கக்கா" என்று ஒருநாள் சொன்னேன். "எதத் தடவ? ரெண்டு எண்ணெயும் கையிலதான கெடக்கு" என்றாள். சிரிக்கவில்லை. அவள் அதிகம் சிரிக்கிறவள் இல்லை.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு சின்ன மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மதியம் வரைக்கும் அங்கே வேலை. சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போவேன். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மூட்டு. ஒரு வீட்டில் கையை மடக்கி நீட்டிவிட்டு, அடுத்த வீட்டில் காலை மடக்கி நீட்டிவிட்டு, திரும்பி வரும்போது என் இடுப்பு எனக்கில்லை என்றிருக்கும். அப்படிப் போன வீடுகளில் ஒன்று, பசுவந்தனை போகிற வழியில், தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை பெய்தால் ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். மண் காலோடு வந்துவிடும்.

முதல் நாள் நான் போனபோது வேப்பமரத்தடியில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரிய தகரம் ஒன்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. பின்னால் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த டிராக்டருக்கு மூஞ்சி இல்லை. அந்த மூஞ்சியைத்தான், அதாவது பானெட்டைத்தான், கழற்றிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேஷன்ட் வீடு இதுதானா?" என்றேன்.

"உள்ள கெடக்காவ. போயிப் பாருங்க டாக்டரம்மா. இந்த ஓரத்த முடிச்சிட்டு வாரேன். பாதியில விட்டா மூதி ஏறிருவா."

யாரோ வேண்டாத பொம்பளை வாசலில் காத்திருப்பதாக நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் மூதி என்றது துருவை. துருவை அவள் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. "மூதி நேத்து இங்கன இல்ல, இன்னைக்கு வந்து உக்காந்திருக்கா பாரு" என்பாள். அழைக்காமல் வந்து அடுப்பங்கரை வரைக்கும் நுழைந்துவிடுகிற உறவுக்காரியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

உள்ளே கட்டிலில் அண்ணாச்சி கிடந்தார். நெடுநெடுவென்ற ஆள். வாடகைக்கு உழவு ஓட்டினவர். சுற்றுவட்டாரத்தில் உளுந்து விதைக்கிறவர்கள், மக்காச்சோளம் போடுகிறவர்கள் எல்லாம் மழைக்கு முன்னால் அவரைத்தான் தேடி வருவார்களாம். ஒரு ஆவணியில் உழுதுகொண்டிருக்கும்போது, வண்டிமேலேயே அவருக்கு வலது பக்கம் செத்துப்போய்விட்டது. சரிந்து கீழே விழுந்தார். டிராக்டர் ஆளில்லாமல் கொஞ்ச தூரம் போய் ஓடைக்கரையில் முட்டி நின்றது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியை இழுத்துவந்து வேம்படியில் நிறுத்தினார்கள். இரண்டும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, என்னைப் பார்த்து எரிச்சல் வந்தாலும் சரி. எத்தனையோ நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். மூளை மற்ற எல்லாச் சொற்களையும் தொலைத்துவிட்டு ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அது வசவாக வாய்க்கும். இவருக்குச் சரி வாய்த்திருந்தது. நான் காலைத் தூக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு "சரி" என்பார். தூக்கமாட்டார். உட்காரவைக்கப் போனால் "சரி சரி சரி" என்று கத்தி என் கையைத் தட்டிவிடுவார். அந்தச் சரிகளையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். அடுப்படியிலிருந்தே, "தண்ணி கேக்காவ", "கால் மரத்துட்டு போல, திருப்பி விடு" என்று சொல்வாள்.

டிராக்டரைத் தேய்க்க ஆரம்பித்ததற்கே காரணம் ஒரு சரிதான்.

வண்டி வேம்படியில் நின்று இரண்டு மழைக்காலம் போயிருந்தது. பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வழியாக அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, சும்மாதான நிக்கி. கொண்டு போயிரட்டுமா?" என்று கேட்டார்.

"சரி" என்றார் அண்ணாச்சி. "சரி! சரி! சரி!"

வந்தவருக்குச் சந்தோஷம். போனை எடுத்து லாரிக்குச் சொல்லப் போனார். அக்கா ஓடிவந்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"அவியளே சரிங்காவல்லா?"

"அவிய சொல்லுத சரி அந்தச் சரி இல்ல. மூஞ்சியப் பாருங்க."

அண்ணாச்சியின் முகம் கோணி, கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் வடிந்துகொண்டிருந்ததாம். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாராம். வந்தவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அன்னைக்கித்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் அக்கா. "அந்த ஜன்னலுக்கு நேரா வண்டி நிக்கி. இவிய கெடந்த கெடையில தெனமும் அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்காவ. மொத வருசம் செவப்பா இருந்தது, பொறவு தவுட்டு நெறமாச்சு, பொறவு தகரம் ஓட்ட விழுந்தது, அம்புட்டையும் பாத்திருக்காவ. நான் சோறு போட்டேன், மேலு கழுவுனேன், இதக் கவனிக்கல."

வண்டியை இடம் மாற்றி நிறுத்தியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கண்ணில் பட்டுவிட்ட எதையும் கெட்டுப்போக விடமாட்டாள், அதுதான் அக்கா. ஊசிப்போகப் போகிற குழம்பை ராத்திரியே சுண்டவைப்பாள். கொடியில் நைந்த துணியை அன்றைக்கே தைப்பாள். "பொறவு பொறவுன்னா யாரு பாக்கது?" என்பாள். அவளைவிட்டால் பார்க்க ஆள் இல்லை என்பதும் உண்மைதான். ஒரே மகள் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்.

ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். உள்ளதைச் சொன்னார். "அக்கா, இது மொத்தமாக் கழத்திச் சுரண்டி, டிங்கர் வேல பாத்து, பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிக்கணும். ஒரு மூச்சுல செய்யுத வேல. நீங்க கொஞ்சங் கொஞ்சமாச் செஞ்சா ஆகாது. தகரத்துல பெயின்ட்டு இருக்கயில கூட ஒரு பாதுகாப்பு உண்டு. சுரண்டிட்டீங்கன்னா அது அம்மணமால்லா நிக்கும்? நீங்க இந்தப் பக்கம் சுரண்டிட்டு அந்தப் பக்கம் போறதுக்குள்ள இந்தப் பக்கம் துரு வந்துரும்."

ஆனால் அக்காவிடம் ஒரு மூச்சு கிடையாது. மதியம் அண்ணாச்சி கண் அசருகிற கொஞ்ச நேரம்தான் அவளுடையது. மற்ற நேரமெல்லாம் கஞ்சி, குளிப்பாட்டு, துணி, மாத்திரை, புரட்டிப் படுக்கவைப்பது. ராத்திரியிலும் இடையிடையே எழுந்து புரட்டவேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், நான் போகிறபோதெல்லாம், கம்பி பிரஷ் சத்தம் கேட்கும்.

நிறையத் தப்புச் செய்தாள். முதலில் பானெட்டைச் சுரண்டிவிட்டு, தூசி போகட்டும் என்று தண்ணீர் விட்டு அலசி வெயிலில் சாய்த்துவைத்தாள். காய்ந்ததும் தகரம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. மறுபடியும் சுரண்டினாள். அப்புறம் மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் அடுக்கினாள். அங்கே பழைய உர மூட்டை இரண்டு கிடந்தது. உரத்தில் இருக்கிற உப்பு காற்றில் ஈரத்தை இழுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. இரண்டாம் நாள் கதவைத் திறந்து பார்த்தால், சுரண்டி முடித்திருந்த இரண்டு மட்கார்டும் பழையபடி ஆகிக் கிடந்தன. அன்றைக்கு நான் போனபோது அக்கா அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா?" என்றேன். "உள்ள போ. இன்னும் அவியளுக்குத் துணி மாத்தல" என்றாள்.

அதற்குப் பிறகு உதிரி பாகங்களெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. பானெட் அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. மட்கார்டு இரண்டும் அண்ணாச்சியின் கட்டிலுக்கடியில். முன்பக்கத்துக் கம்பித் தடுப்பு, பேட்டரிப் பெட்டி எல்லாம் தையல் மெஷின்மேல். வெளியே நின்ற மிச்ச வண்டிக்குத் தார்ப்பாய். அதையும் ஒட்டி மூடக்கூடாது, உள்ளே வேர்த்துவிடும் என்று மெக்கானிக் சொன்னதால் நான்கு கம்பு நட்டுத் தூக்கிக் கட்டியிருந்தாள்.

வேலை இப்படி: ஒரு சாண் அகலம் சுரண்டுவாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். காய்ந்த துணியால் துடைப்பாள். எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து வைத்திருப்பாள், அதில் துணியை நனைத்துப் பிழிந்து மெலிசாகத் தடவுவாள். எண்ணெய் இருக்கிற வரைக்கும் மூதி வரமாட்டாள். ஆனால் எண்ணெயில் தூசி ஒட்டும், எண்ணெய் காயும். அதனால் தினமும் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, துடைத்து, மறுபடி தடவவேண்டும். சுரண்டிய பரப்பு கூடக் கூட, துடைக்கிற நேரமும் கூடியது. கடைசியில் புதிதாகச் சுரண்ட நேரமே இல்லாமல், சுரண்டியதைக் காப்பாற்றவே அவளுடைய மதியங்கள் போய்க்கொண்டிருந்தன.

"பிரைமர அடிச்சிட்டு விட்ரலாம்லா அக்கா?"

"ஓடையில முட்டுன நெளிசல நிமுத்தாம பிரைமர் அடிக்கக்கூடாதாம். டிங்கர்காரரு வாரேன் வாரேங்காரு."

அந்த டிங்கர்காரர் வரவே இல்லை. நான் போன காலத்தில் பெரும்பகுதி அவர் வந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண நான்கைந்து பெண்கள் வந்திருந்தார்கள். பாய் விரிக்க இடமில்லை. பானெட்டைத் தாண்டி, தையல் மெஷினை ஒதுக்கி, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாச்சிக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்கடியிலிருந்து சரக் சரக்கென்று சத்தம். அக்கா முழங்காலிட்டபடியே மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் நடத்திய அம்மாள் ஆமென் சொல்லிவிட்டு, "ஏம்மா, கர்த்தர்ட்ட கேக்கயிலயாவது கைய சும்மா வைக்கக்கூடாதா?" என்றார்.

"வாய்தான கேக்குது. கை சும்மாதான இருக்குன்னு..." என்றாள் அக்கா. அவளுக்கு அது கேலியே இல்லை.

அண்ணாச்சியை நிற்கவைக்க நான் ரொம்ப நாள் போராடினேன். ஒருநாள் எப்படியோ இணங்கினார். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தூக்கினோம். ஆடினார். பிடிமானத்துக்கு அவருடைய நல்ல கையை எடுத்துப் பக்கத்தில் சாய்ந்திருந்த பானெட்டின்மேல் வைத்தேன். அவர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்க்க, ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நின்றார். எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அடுத்த தடவை போனபோது அக்கா வாசலிலேயே நின்றாள். "ஏட்டி, உள்ள வந்து பாரு நீ செஞ்ச வேலய." அதற்குள் டாக்டரம்மா போய் ஏட்டி வந்திருந்தது. பானெட்டில் ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும், ரேகையோடு, செம்மண் நிறத்தில். வேர்வை உப்பு பட்ட இடத்தில் மட்டும் துரு அப்படியே அச்சாகப் பூத்திருந்தது. அந்த வீட்டில் அண்ணாச்சி எழுந்து நின்றதற்கு அது ஒன்றுதான் சாட்சி. "அப்படியே இருக்கட்டும்க்கா. மேல ஏதாவது வார்னிஷ் அடிச்சு வச்சிருங்க" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உப்புத்தாளை எடுத்தாள். என் கண் முன்னாலேயே ஒவ்வொரு விரலாகத் தேய்த்து எடுத்தாள். தேய்த்துக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பி, "மேலெல்லாம் உப்புதான் உங்களுக்கு. தாலி கட்டுன நாள்ல இருந்து தெரியும்" என்றாள். அண்ணாச்சியின் நெஞ்சு குலுங்கியது. பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "சரி... சரி..." என்று மூச்சு வாங்கச் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. இதை நான் யாரிடமும் சொல்வேன். அவ்வளவு நாள் படுக்கையில் கிடந்த ஆளுக்கு முதுகு அப்படி இருப்பது லேசில்லை. பணம் கொடுத்து நர்ஸ் வைத்திருக்கிற வீடுகளிலேயே நான் ஆழமான புண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அதைச் சொல்லி அக்காவைப் பாராட்டினேன். "புண்ணு வந்தா எனக்குத்தான ரெண்டு வேல" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாராட்டை வாங்கிக்கொள்ளவும் தெம்பு வேண்டும்போல.

மகள் போனில் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்கும். "எம்மா, அந்தச் சனியன வித்துட்டு ஒரு ஆளப் போட்டுக்கோம்மா. நீ படுத்துட்டா அப்பாவ யாரு பாப்பா?"

"நான் என்னத்துக்குப் படுக்கேன்?"

"ஒனக்கும் சுகர் இருக்குல்லா?"

"மாத்திர போடுதேன்லா. வைய்யி, அப்பா கூப்பிடுதாவ."

அண்ணாச்சி கூப்பிட்டிருக்கமாட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் நல்ல மழை என்றால் ஊருக்கே உற்சாகம், விதைத்தவர்கள் முகத்தில் வெளிச்சம் இருக்கும். அக்காவுக்கு மட்டும் அது எதிரி. சுவர் வேர்த்தது, தரை வேர்த்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. துவைத்த துணி காயவில்லை. அண்ணாச்சிக்கு மாற்றத் துணி இல்லாமல் தன் சேலைகளைக் கிழித்தாள். எண்ணெய் துடைக்கக் காய்ந்த துணி வேண்டுமே என்று இரண்டு துண்டுகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இருபக்கமும் மாறி மாறி ஓடினாள். அவரைப் புரட்டிவிட்டு வந்து மட்கார்டைப் புரட்டினாள். அவர் முதுகைத் துடைத்துவிட்டு வந்து பானெட்டைத் துடைத்தாள். பேசுவதையே குறைத்துவிட்டாள். நான் என்ன கேட்டாலும் தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் அண்ணாச்சியின் காலை மடக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் வேறொரு வாடை அடித்தது. டீசலும் இல்லை, தேங்காயெண்ணெயும் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். முதலில் அண்ணாச்சியைத்தான் திருப்பிப் பார்த்தேன். அவர் சுத்தமாக இருந்தார். அப்புறம்தான் அக்கா நொண்டுவதைக் கவனித்தேன்.

"காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. மட்கார்டு ஓரம் கிழிச்சிட்டு. மஞ்சள் வச்சிருக்கேன்."

"காட்டுங்கக்கா."

"டிங்கர்காரரு நாளைக்கு நிச்சயமா வாரேன்னுட்டாரு. அவரு வந்துட்டுப் போகட்டும்..."

நான் கீழே உட்கார்ந்து சேலையை விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதம் வீங்கிப் பளபளத்தது. "எப்படிக்கா தாங்குனீங்க?" என்றேன். "வலிக்கவே இல்ல. அதான நான் ஒண்ணும் செய்யல" என்றாள். சர்க்கரைக் காலுக்கு வலி தெரியாது. அண்ணாச்சியின் முதுகில் ஒரு சிவப்புத் தெரிந்தால் கண்டுபிடிக்கிறவள், தகரத்தில் ஊசிமுனை அளவு மஞ்சளைக் கண்டுபிடிக்கிறவள், தன் காலைக் குனிந்து பார்க்கவே இல்லை.

மகளுக்குப் போன் செய்து வரச்சொன்னேன். ஆட்டோ சேற்றில் உள்ளே வரமுடியவில்லை. அக்காவைத் தார் ரோடு வரைக்கும் நானும் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரும் தாங்கிக் கூட்டிப்போனோம். வழியெல்லாம், "பானெட்டுக்கு இன்னைக்கு எண்ணெ போடல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கோபத்தில் கத்திவிட்டேன். "நாசமாப் போகட்டும்க்கா அந்தப் பானெட்டு!" ஆட்டோவில் ஏறியதும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நெருப்பாய்க் கொதித்தது.

இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். கால் தப்பியது.

மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அந்தச் சரிகள் பிடிபடவில்லை. நான் போனபோது அழுதுகொண்டே சொன்னாள், "சோறு குடுத்தாலும் கத்துதாவ, தண்ணி குடுத்தாலும் கத்துதாவ. என்ன வேணும்னே தெரியல."

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் இடது கையைக் கட்டிலுக்குக் கீழே நீட்டி நீட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். மட்கார்டு. நுனியில் மஞ்சள் ஏற ஆரம்பித்திருந்தது. அதை இழுத்து வெளியே வைத்தேன். "சரி" என்றார். கையைத் துடைப்பதுபோல அசைத்தார். துணி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் எழப்பார்த்தார். இத்தனை நாளாக உட்காரமாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டவர், தானாக எழப்பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மட்கார்டை மடிமேல் சாய்த்துப் பிடித்தேன். துடைத்தார். தோள் நடுங்க, எச்சில் வடிய, விட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி துடைத்தார். எண்ணெய் கலந்த டப்பாவை அக்கா எங்கே வைத்திருந்தாள் என்று மகளுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியே தலைமாட்டில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலைக் காட்டினார்.

அக்கா வீட்டுக்கு வரும்வரை தினமும் அப்படித்தான், மட்கார்டு முடிந்ததும் பானெட்டும். நான் வராத நாட்களில் மகள் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பயிற்சியாலும் வராத உட்காரும் பலம் அவருக்கு அந்த மட்கார்டால் வந்தது.

காலில் கட்டோடு அக்கா வந்து இறங்கிய நாள் நான் அங்கே இருந்தேன். வாசற்படி ஏறும்போதே மோந்து பார்த்தாள். "தேங்காண்ணெயா?" என்றாள். பானெட்டில் விரலை வைத்து இழுத்தாள். "ஐயோ, பிசினால்லா ஒட்டுது! இதுமேல பெயின்ட் நிக்காதே. அம்புட்டையும் தின்னர் போட்டுல்லா எடுக்கணும். யாரு செஞ்ச வேல இது?"

மகள் அப்பாவைக் காட்டினாள். அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் துணியோடு, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருப்பதையே அப்போதுதான் அவள் பார்த்தாள். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் இறங்கினாள். ரொம்ப நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த டப்பா அடுப்பு மேடைக்குக் கீழ இருக்கு. எடுத்து அவிய கையில குடு" என்று மகளிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து எண்ணெய் போடுகிற வேலை அண்ணாச்சியுடையது. அக்கா ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுரண்டுவாள், அவர் துடைப்பார். "அந்த மடிப்புல விட்டுட்டீங்க", "சரி", "விட்டுட்டீங்கன்னா கண்ணத் தொறந்து பாருங்களேன்", "சரி! சரி!" என்று சண்டை நடக்கும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதை அந்த வீட்டில் நான் கேட்டது அந்தச் சில வாரங்களில்தான்.

தை மாதம் டிங்கர்காரர் கடைசியில் வந்தேவிட்டார். நெளிசல் நிமிர்ந்தது. சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தார்கள். இனிச் சிவப்பு அடிக்கவேண்டியதுதான் பாக்கி என்று அக்கா போனில் சொன்னாள். சிவப்பு அடிப்பதற்குள், ஒரு விடியற்காலையில் அண்ணாச்சிக்கு இரண்டாவது தடவை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். கூட்டத்தில் அக்காவோடு பேச முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மதிய வெயிலில், வழக்கமாகப் போகிற நேரத்துக்கே போனேன். வேம்படியில் வண்டி இல்லை. வீட்டுக்குள் பானெட் இல்லை. கட்டிலுக்கடியில் வெறும் தரை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான்தான் டீ போட்டேன். ஒரு தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"வண்டி எங்கக்கா?"

"குடுத்துட்டேன். ஓட்டப்பிடாரம் பக்கத்துல ஒரு பையன். எஞ்சினப் பாத்து ஓட்டிக்கிடுவானாம்."

"செவப்பு அடிச்சிட்டா?"

"அவன் என்னமோ நீலம் அடிக்கப் போறானாம். அடிக்கட்டும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "எம்புட்டுப் பாடுபட்டீங்க. கால் வெரல் ரெண்டு போச்சு. எப்படிக்கா குடுக்க மனசு வந்திச்சி?"

அக்கா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த வண்டியக் கண்டாலே ஆகாதுட்டி. வாங்குன அன்னைக்கே பிடிக்கல. வீட்டுல தங்கவிடாம அவியள ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலைஞ்சது. அது மேல இருந்துதான கீழ விழுந்தாவ? நானா இருந்தா அந்தப் பழைய இரும்புக்காரருக்கு அன்னைக்கே தூக்கிக் குடுத்திருப்பேன். இவிய பாத்துக்கிட்டே கெடந்தாவல்லா... கண்ணு முன்னால ஒண்ணு அழுகிப் போறதப் பாக்க விடக்கூடாதுன்னுதான். இனும யாரு பாக்கா?"

என் டீயைக் குடித்து முடித்துவிட்டு, தூத்துக்குடிக்கு மகளோடு போய்விடுவீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தூங்கிப் போயிருந்தாள். உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்திருக்க, தம்ளரைக் கையில் பிடித்தபடியே. நான் அந்த வீட்டுக்குப் போய்வந்த காலத்தில் அவள் கண் மூடி ஒருநாளும் பார்த்ததில்லை.

தம்ளரை அவள் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்தேன். விழிக்கவில்லை. தோளைப் பிடித்து அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தேன், நோயாளிகளைச் சாய்க்கிற மாதிரி. தலைக்குக் கீழே ஒரு சேலையை மடித்து வைத்தேன். அப்போதும் விழிக்கவில்லை. வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து, ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்குமே என்று, ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.